முதல் வேலை கிடைத்த பிறகு யார் கேட்கிறார்கள்? கனடாவில் புதியவர்களுக்கான வேலை உதவி பற்றி

கேள்வி: 2025 நவம்பர் 8

கோயம்புத்தூரில் ஒரு பம்ப் தொழிற்சாலையின் மின்பராமரிப்புப் பிரிவில் 9 ஆண்டுகள் வேலை பார்த்தேன். நிரந்தர வதிவிட அனுமதி கிடைத்து, கடந்த ஆகஸ்ட் மாதம் மனைவி, மகளுடன் ஸ்காபரோவுக்கு வந்து சேர்ந்தேன். குடியேறியவர்களுக்கு உதவும் அலுவலகம் ஒன்றுக்கு மூன்று முறை போய்விட்டேன். பயோடேட்டாவைத் திருத்திக் கொடுத்தார்கள், நேர்காணல் பயிற்சியில் உட்கார வைத்தார்கள், கடைசியில் ஒரு கிடங்கு வேலைக்கான முகவரியைத் தந்தார்கள். அந்த முகவரியை எங்கள் வீட்டு உரிமையாளர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். கையிருப்பு பிப்ரவரி வரை தாங்கும். இந்த அலுவலகங்களால் உண்மையில் பயன் உண்டா? இல்லை, நண்பர்கள் சொல்வதுபோல் கிடைத்த வேலையில் சேர்ந்துவிட்டு மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்வதுதான் வழியா, அக்கா?

நவம்பர் 8, இரவு

தம்பி, உங்கள் கேள்வியில் என்னை நிறுத்தியது "பிறகு" என்ற சொல். என்னுடைய பிறகு 9 ஆண்டுகள் நீண்டது.

யாழ்ப்பாணத்தில் ஒரு பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதிக்கொண்டிருந்தவள் நான். நாளேட்டிலிருந்து பரீட்சை மீதி வரை கையால் எழுதி, ஒரு சதம் இடித்தாலும் அதைக் கண்டுபிடிக்கும் வரை வீட்டுக்குப் போகாமல் இருந்த காலம் அது. 2002 ஜனவரியில் இங்கே வந்தேன். மூன்றாவது வாரம் ஒரு பொதியிடும் தொழிற்சாலையில் இரவு 11 மணி முதல் காலை 7 மணி வரையிலான வேலைக்கு ஏறினேன். அப்போது ஒன்ராறியோ மாகாணத்தின் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 6.85 டொலர், 1995 முதல் அசையாமல் நின்ற தொகை. இரவு வேலை என்பதால் எனக்கு 50 சதம் கூடுதலாகக் கிடைத்தது. வாரத்துக்கு 20 டொலர். அந்த 20 டொலருக்காகப் பகலெல்லாம் உறங்கினேன். உறங்கிய நேரத்தில்தான் ஆங்கில வகுப்புகள் நடந்தன, அலுவலகங்கள் திறந்திருந்தன, தொலைபேசிகளுக்குப் பதில் சொல்ல ஆட்கள் இருந்தார்கள்.

ஆகவே வேலையில் சேருங்கள், ஆனால் எந்த வேலை என்பதை ஊதியத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அந்த வேலை உங்கள் நாளில் எந்த மணிகளை எடுத்துக்கொள்கிறது என்பதைப் பாருங்கள். மற்றதை நாளை எழுதுகிறேன்.

நவம்பர் 9

அலுவலகங்களால் பயன் உண்டா என்பதற்கு நேராகப் பதில் சொல்ல வேண்டும். நான் 2012 முதல் அப்படி ஓர் அலுவலகத்தில் வேலை ஆலோசகராக இருக்கிறேன். பயன் உண்டு என்று சொல்வதில் எனக்கு ஒரு பக்கச் சார்பு இருக்கக்கூடும் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில், "அலுவலகம்" என்று நாம் ஒரே பெயரில் அழைப்பது ஒரே பணத்தில் இயங்குவதில்லை. ஒன்று, மத்திய குடிவரவு அமைச்சின் குடியேற்றத் திட்டம். நிரந்தர வதிவிட அனுமதி உள்ளவர்களுக்கும், அகதியாக ஏற்கப்பட்டவர்களுக்கும் அது இலவசம். மொழி மதிப்பீடு, லிங்க் எனப்படும் ஆங்கில வகுப்பு, தொழில் சார்ந்த வழிகாட்டல் ஆகியவை அதில் அடங்கும். மற்றது, மாகாண அரசின் எம்ப்ளோய்மென்ட் ஒன்ராறியோ. வேலை தேடும் எவரையும் வேலையில் அமர்த்துவது அதன் நோக்கம், புதியவர் என்பதற்காக அங்கே தனிக் கதவு கிடையாது. ஒரே கட்டடத்தில் இரண்டும் இருக்கலாம், ஒரே மேசையில்கூட இருக்கலாம். உங்களுக்குக் கிடங்கு முகவரி தந்தவர் எந்தத் திட்டத்தின் கீழ் உங்களைப் பதிந்தார் என்று கேட்டுப் பாருங்கள். "என் பழைய தொழிலுக்குத் திரும்புவதற்கான வழிகாட்டல் வேண்டும்" என்று அதே சொற்களில் கேளுங்கள். அப்படிக் கேட்டால் உங்களை வேறொரு ஆளிடம் அனுப்புவார்கள் என்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மத்திய திட்டத்தின் உரிமை குடியுரிமை பெற்ற நாளோடு முடிந்துவிடும். முதல் சில ஆண்டுகளை இரட்டை வேலையில் கழித்துவிட்டு, குடியுரிமைச் சத்தியப்பிரமாணம் எடுத்த பின்னர் நிதானமாக வகுப்பில் சேரலாம் என்று வந்தவர்களை நான் வாசலிலிருந்தே திருப்பி அனுப்ப நேர்ந்திருக்கிறது. "பிறகு" என்ற சொல்லுக்கு இப்படியும் ஒரு முடிவுத் தேதி உண்டு.

உங்கள் தொழிலைப் பொறுத்தவரை, ஒன்ராறியோவில் மின்பணிக்குச் சான்றிதழ் கட்டாயம். அது இல்லாமல் கம்பியைத் தொட முடியாது.

நவம்பர் 11

இந்தப் பக்கத்தில் கருத்து எழுதும் வாசகர்களில் ஒருவர், புதியவர்களுக்குத் தேவை ஆங்கிலம், அது வந்துவிட்டால் வேலை தானாக வரும் என்று எழுதியிருக்கிறார். கோயம்புத்தூரிலிருந்து வந்த தம்பிக்கு ஆங்கிலம் இருக்கிறது. ஆங்கிலம் நன்றாகப் பேசும் பல் மருத்துவர் ஒருவர் என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து கோப்பிக் கடைக்கு விண்ணப்பம் நிரப்பினார். மொழி தேவைதான். 1992 முதல் லிங்க் வகுப்புகள் அந்தத் தேவைக்காகவே நடக்கின்றன, அவற்றால் பேச வாய் வந்த பெண்களை நான் நூற்றுக்கணக்கில் பார்த்திருக்கிறேன். ஆனால் மொழி ஒரு பூட்டை மட்டுமே திறக்கும்.

நவம்பர் 15

9ஆம் தேதிக் குறிப்பின் கடைசி வரிகளை நான் திருத்த வேண்டும். தொழிற்சங்கத்தில் இருக்கும் ஒரு மின்பணியாளர், நான் இரண்டு தொழில்களை ஒன்றாகக் குழப்பிவிட்டேன் என்று பொறுமையாக விளக்கி எழுதியிருக்கிறார். சரிபார்த்தேன், அவர் சொல்வதே சரி.

கட்டடங்களில் கம்பியிழுத்து நிறுவும் பணியும் அதன் பராமரிப்பும் 309ஏ என்ற பிரிவில் வருகின்றன. அதற்குச் சான்றிதழோ பயிற்சி பெறுபவராகப் பதிவு செய்த நிலையோ கட்டாயம். பயிற்சிக்காலம் சுமார் 9,000 மணி நேரம். தொழிற்சாலை இயந்திரங்களின் மின்பராமரிப்பு 442ஏ என்ற தனிப் பிரிவு, அது கட்டாயச் சான்றிதழ்த் தொழில் அல்ல. அதாவது தம்பி 9 ஆண்டுகள் செய்த வேலை இந்த இரண்டாவது பிரிவுக்கு நெருக்கமானது, சான்றிதழ் கையில் வரும் முன்னரே ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் உதவியாளராக நுழைவதற்கு அங்கே இடம் இருக்கிறது. பல நிறுவனங்கள் சான்றிதழ் உள்ளவரையே விரும்பும் என்பது வேறு விடயம்.

சான்றிதழுக்கான வழியும் பயிற்சியை முதலிலிருந்து செய்வதாக இருக்க வேண்டியதில்லை. 2022 ஜனவரி 1 முதல் ஸ்கில்ட் ட்ரேட்ஸ் ஒன்ராறியோ என்ற அமைப்பு இதைக் கவனிக்கிறது. வெளிநாட்டில் உழைத்த மணிகளையும் திறன்களையும் ஆவணங்களோடு காட்டினால், அவற்றை மதிப்பிட்டு நேரடியாகத் தேர்வெழுத அனுமதிப்பார்கள். தேர்வில் 70 விழுக்காடு எடுக்க வேண்டும். ஆண்டுக்கு 2,000 மணி என்று குறைத்துக் கணக்கிட்டாலும் தம்பியிடம் 18,000 மணி இருக்கிறது.

இந்தத் தவறு எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. 13 ஆண்டுகள் இந்த மேசையில் இருந்தும் இந்த வேறுபாட்டை நான் சரியாக அறிந்திருக்கவில்லை என்றால், எத்தனை பேரை "சான்றிதழ் வேண்டும், நெடுநாள் ஆகும்" என்று சொல்லிக் கிடங்குக்கு அனுப்பியிருப்பேன்? ஆலோசகர் எல்லாத் தொழிலும் அறிந்தவராக இருக்க முடியாது. அந்தத் தொழிலில் இருப்பவரைத் தேடிப் பிடித்து எதிரில் உட்கார வைப்பதாவது அவருடைய கடமை.

நவம்பர் 22

1987இல் வந்த ஐயா ஒருவர் வேதனையோடு எழுதியிருக்கிறார். தங்களுக்கு ஆலோசகரும் இல்லை, வகுப்பும் இல்லை, கோப்பை கழுவித்தான் குடும்பத்தை அழைத்தோம், வீடு வாங்கினோம், பிள்ளைகளைப் படிக்க வைத்தோம், இன்றைய பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை என்கிறார்.

ஐயா, உங்கள் தலைமுறையின் உழைப்பைக் குறைத்துப் பேச எனக்கு நா எழாது. 1986 ஓகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளிலிருந்து மீட்கப்பட்ட 155 தமிழரின் காலத்தவர் நீங்கள். அவ்வளவுதான் கையில் இருந்தது, அதைக்கொண்டு ஒரு சமூகத்தையே கட்டினீர்கள். எனக்கும் முதல் வேலை உங்களைப் போன்ற ஒருவர் எடுத்துத் தந்ததுதான். என் கணவரின் ஒன்றுவிட்ட அண்ணர் காலையில் வந்து கூட்டிக்கொண்டு போய், அன்று மாலையே வேலை உறுதி என்று சொல்லிக் கூட்டி வந்தார். ஆலோசகராக நான் ஒருபோதும் அவ்வளவு விரைவாக எவருக்கும் வேலை எடுத்துக் கொடுத்ததில்லை.

ஆனால் அண்ணர் என்னைத் தான் நின்ற வரிசைக்குத்தான் கூட்டிப் போக முடிந்தது. அந்தத் தொழிற்சாலையின் கணக்குப் பிரிவு மாடியில் இருந்தது. எட்டுப் படி ஏறினால் போதும். அங்கே யாரையும் அவருக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. ஒன்பது ஆண்டுகளில் ஒரே ஒரு முறை, சம்பளச் சீட்டில் இருந்த பிழையைக் காட்டுவதற்காக ஏறினேன். அங்கிருந்த பெண் பிழையைப் பார்த்துவிட்டு, இதை எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டாள். நான் கணக்கெழுதியவள் என்று சொல்ல எனக்கு அன்று சொற்கள் வரவில்லை.

நமக்குத் தெரியாத அந்த மாடிக்கு அறிமுகம் தருவதைத்தான் வேலை உதவியின் மிகப் பெறுமதியான பகுதி என்று நினைக்கிறேன். ரொறன்ரோவில் 2003இல் தொடங்கிய ட்ரீயெக் என்ற அமைப்பு அடுத்த ஆண்டிலிருந்து அதைத்தான் செய்கிறது. புதியவர் ஒருவரை, அதே தொழிலில் இங்கே வேலை செய்யும் ஒருவரோடு சில மாதங்களுக்கு இணைத்து வைக்கிறார்கள். வேலை தருவதாக எவரும் வாக்குக் கொடுப்பதில்லை. அந்தத் தொழிலில் ஆட்களை எப்படி எடுக்கிறார்கள், எந்தப் பெயரில் அந்தப் பதவியை அழைக்கிறார்கள், எந்த மென்பொருளைத் தெரிந்திருக்க வேண்டும் என்பதெல்லாம் பேச்சோடு பேச்சாகத் தெரிய வரும்.

பொறுமை பற்றி ஒன்று. கிடங்கில் வேலை செய்ய மறுப்பவர்களை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன். அங்கேயே முடிந்துவிடுமோ என்று அஞ்சுகிறவர்கள்தான் பெரும்பாலானோர்.

நவம்பர் 26

அகதிக் கோரிக்கை இன்னும் முடிவாகாத ஒருவர் தனியாகக் கேட்டார். இங்கேயே சொல்கிறேன், பலருக்கும் உதவும். மத்திய அரசின் குடியேற்றத் திட்டத்தில் பொதுவாக உங்களுக்கு இடமில்லை. மாகாண அரசின் நிதியில் இயங்கும் புதியவர் குடியேற்றத் திட்டம் கோரிக்கையாளரையும் ஏற்கிறது, அந்த அலுவலகத்தைத் தேடுங்கள். வேலை அனுமதி வந்ததும் சின் எனப்படும் சமூகக் காப்புறுதி இலக்கம் எடுங்கள். அது 9இல் தொடங்கும், வேலை அனுமதியின் காலம் முடியும்போது அதுவும் முடியும். அனுமதியைப் புதுப்பித்தால் சின் இலக்கத்தின் காலத்தையும் புதுப்பிக்க வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 9இல் தொடங்கும் இலக்கத்தைப் பார்த்ததும் சில முதலாளிகள் முகம் சுளிப்பார்கள். அனுமதி செல்லுபடியாகும் வரை நீங்கள் சட்டப்படி வேலை செய்யும் உரிமை உள்ளவர். அதைத் தெளிவாகச் சொல்லுங்கள்.

நவம்பர் 30

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஒரு வாரம் யோசித்தேன்.

நான் வந்த ஆண்டில், ஓர் ஆலோசகர் என் விண்ணப்பத்தில் இருந்த கூட்டுறவுச் சங்க அனுபவத்தை முழுவதுமாக அடித்துவிட்டார். தொழிற்சாலைக்கு இவ்வளவு படித்தவர் வந்தால் நிலைக்க மாட்டார் என்று நினைப்பார்கள், இதை எடுத்துவிடுவோம் என்றார். அவர் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை, எனக்கு வாடகைக்குப் பணம் வேண்டியிருந்தது அவருக்குத் தெரியும். வேலை கிடைத்தது. அண்ணர் கூட்டிப்போன தொழிற்சாலையில்தான் அது. அதோடு கோப்பு மூடப்பட்டது. அதன்பிறகு அந்த அலுவலகத்திலிருந்து ஒரு அழைப்புக்கூட வந்ததில்லை. அடிக்கப்பட்ட அந்தப் பத்து வரிகளை நானே நம்பாமல் போனேன் என்பதுதான் அதன் பின்விளைவு.

2014இல் மட்டக்களப்பிலிருந்து வந்த ஒரு தாதி என் முன்னால் உட்கார்ந்தார். 12 ஆண்டுகள் மருத்துவமனையில் பணியாற்றியவர். இரண்டு பிள்ளைகள், கணவருக்கு இன்னும் வேலை இல்லை. இங்கே தாதியாகப் பதிவு பெறுவதற்கான ஆவணப் பட்டியலைக் காட்டினேன். அவர் முகம் விழுந்ததைப் பார்த்து, பி.எஸ்.டபிள்யூ எனப்படும் பராமரிப்பு உதவியாளர் பயிற்சியை முதலில் முடியுங்கள், மருத்துவத் துறைக்குள்ளேயே இருக்கலாம், தாதிப் பதிவைப் பிறகு பார்க்கலாம் என்று சொன்னேன். "பிறகு" என்ற அதே சொல்லை நானும் சொன்னேன். அவருக்கு விரைவில் முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்தது. என் மாத அறிக்கையில் அது ஒரு வெற்றியாகப் பதிவானது. கடந்த ஆண்டு அவரை ஒரு கோயில் மண்டபத்தில் கண்டேன். இன்னும் அதே வேலை. முதுகுவலி. பழைய மருத்துவமனைக்கு எழுதிச் சான்றிதழ் எடுக்க வேண்டிய காலமும் கடந்துவிட்டது என்றும், அவரை அறிந்த மேற்பார்வையாளர்கள் ஓய்வு பெற்றுவிட்டார்கள் என்றும் சொன்னார். என்மேல் அவருக்குக் கோபம் இல்லை. நன்றி சொன்னார். அந்த நன்றியைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

வெளிநாட்டில் பயின்ற தாதியருக்கென்றே இங்கே கேர் சென்டர் என்ற அமைப்பு இருக்கிறது. அவரை அன்றே அங்கேயும் அனுப்பியிருக்கலாம். வேலைக்குப் போன பிறகு மாதம் ஒருமுறை அழைத்து, சான்றிதழுக்கு எழுதினீர்களா என்று கேட்டிருக்கலாம். இரண்டும் என் கையில் இருந்தன.

டிசம்பர் 1

நேற்றைய குறிப்பைப் படித்த ஒரு சகோதரி, வாடகைக்கு வழியில்லாத வீட்டில் வேறு எதைச் சொல்லியிருப்பீர்கள் என்று கேட்கிறார். நியாயமான கேள்வி. இரவு முழுவதும் யோசித்தேன். அன்று அந்தத் தாதியைப் பராமரிப்பு உதவியாளர் பயிற்சிக்கு அனுப்பியதை இன்றும் முழுத் தவறு என்று சொல்ல மாட்டேன். அவர் வேலைக்குப் போனதும் நான் கையை விட்டதுதான் தவறு. வேலை கிடைத்த நாளில் அவருக்கு ஊதியம் வந்தது, பயம் குறைந்தது, மனம் சற்று நிமிர்ந்தது. பதிவுக்கான நீண்ட வேலையைத் தொடங்க அதைவிட நல்ல நாள் கிடையாது. அந்த நாளில் நான் கோப்பினை மூடினேன்.

டிசம்பர் 7

ஏஜென்சிகள் பற்றிப் பலர் கேட்டுவிட்டீர்கள். தம்பியும் ஏதோ ஒன்றில் பதிந்திருப்பதாகச் சொன்னதால் சுருக்கமாகச் சொல்கிறேன். தற்காலிக வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சி உங்களிடம் பதிவுக் கட்டணமோ வேலைக்கான கட்டணமோ வாங்குவது சட்டவிரோதம். 2024 ஜூலை 1 முதல் ஒன்ராறியோவில் அவை உரிமம் பெற்றிருக்க வேண்டும், உரிமம் உள்ளவற்றின் பட்டியலை மாகாணத் தொழில் அமைச்சின் இணையதளத்தில் பார்க்கலாம். குறைந்தபட்ச ஊதியம் 2025 ஒக்டோபர் முதல் மணிக்கு 17.60 டொலர். கையில் காசாகத் தருகிறோம், 14 டொலர் என்று சொல்கிறவரிடம் போகாதீர்கள். அந்த மணிகள் எங்கும் பதிவாகாது. விபத்து நடந்தால் அங்கே வேலை செய்ததை நிரூபிக்கவே போராட வேண்டும். வழக்கமாக மூன்று மணி நேரத்துக்கு மேல் வேலை செய்பவரை அழைத்துவிட்டு வேலை இல்லை என்று உடனே திருப்பி அனுப்பினால், பொதுவாக மூன்று மணி நேர ஊதியம் தர வேண்டும் என்பதும் சட்டத்தில் இருக்கிறது.

என் காலத்தில் ஒரு வேன்காரர் எங்களை ஏற்றி இறக்கி, சம்பளத்திலிருந்து வாரம் 25 டொலர் பிடித்தார். பேருந்துப் பாதை அந்தத் தொழிற்சாலைக்கு வராததால் கேள்வி கேட்கத் தோன்றவில்லை. வேலை உதவி என்று பேசும்போது பேருந்துப் பாதையைப் பற்றியும் பேச வேண்டும் என்று அன்றிலிருந்து நினைக்கிறேன்.

டிசம்பர் 14

அலுவலக நேரம் பற்றி முன்பே சொல்லியிருக்க வேண்டும். காலை 9 முதல் மாலை 5 வரை திறந்திருக்கும் ஒரு வேலை உதவி அலுவலகம், வேலை இல்லாதவர்களுக்கு மட்டுமே திறந்திருக்கிறது. நான் சில ஆண்டுகளாக வியாழக்கிழமைகளில் இரவு 8 மணி வரை இருக்கிறேன். வருகிறவர்கள் பாதுகாப்புக் காலணியோடு நேராகத் தொழிற்சாலையிலிருந்து வருவார்கள். ஒருவர் நாற்காலியிலேயே உறங்கிவிட்டார், அரை மணி நேரம் விட்டுத்தான் எழுப்பினேன். அவர்களுடைய கேள்விகள் பகலில் வருகிறவர்களுடைய கேள்விகளைப் போல இருப்பதில்லை. எந்த வேலையாவது கொடுங்கள் என்று எவரும் கேட்பதில்லை. இங்கிருந்து எப்படி நகர்வது என்றுதான் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் தேடுவதுதான் குடியேற்ற உதவி என்று எனக்குத் தோன்றுகிறது, வாரத்தில் மூன்று மணி நேரம் மட்டுமே அது நடக்கிறது என்பது என் மனக்குறை.

தம்பி, உங்களுக்கும் இதையே சொல்கிறேன். வாரத்தில் இரண்டு மணி நேரத்தை, கிழமையும் நேரமும் குறித்து, பழைய தொழிலுக்கென்று ஒதுக்குங்கள். மனைவியிடமும் மகளிடமும் சொல்லி வைத்துவிடுங்கள். வேலை கிடைத்ததும் ஆலோசகரிடம், என் கோப்பினை மூடாதீர்கள், என் இலக்கு இது அல்ல என்று மின்னஞ்சலில் எழுத்தாக அனுப்புங்கள். எழுத்தில் இருந்தால் அவர் அழைப்பார். நான் அழைப்பேன்.

2026 ஜனவரி 3

புத்தாண்டோடு ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள், ஒன்ராறியோவில் பொதுவில் வெளியிடும் வேலை விளம்பரங்களில் "கனேடிய அனுபவம் தேவை" என்று இனிமேல் கேட்க முடியாது. விளம்பரத்தில் ஊதிய அளவையும் குறிப்பிட வேண்டும். நேர்காணலுக்கு அழைத்தால், முடிவு எடுக்கப்பட்டதா என்பதை 45 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும்.

இதற்காகக் காத்திருந்த ஆண்டுகளை நினைக்கிறேன். ஒழுங்குபடுத்தப்பட்ட தொழில்களில் நியாயமான நுழைவுக்கென்று ஒன்ராறியோ 2006இல் ஒரு சட்டம் இயற்றியது. கனேடிய அனுபவம் கேட்பது முதற்பார்வையில் பாகுபாடு என்று மாகாண மனித உரிமை ஆணையம் 2013இல் கொள்கை வெளியிட்டது. பொறியியலாளர்களின் உரிமம் வழங்கும் அமைப்பு 2023 மே மாதத்தில் அந்த நிபந்தனையை நீக்கியது. இப்போது பொது விளம்பரங்களுக்கும் வந்திருக்கிறது. 20 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

மகிழ்ச்சிதான். ஆனால் விளம்பரத்திலிருந்து மறைந்த சொல் நேர்காணல் செய்பவரின் மனத்தில் இருக்கலாம். "எங்கள் முறைகளுக்குப் பழக்கமானவர்" என்று வேறு பெயரில் அது திரும்பி வரும் என்று அஞ்சுகிறேன். அதற்கு மாற்று, உங்கள் அனுபவத்தை அவர்கள் அறிந்த சொற்களில் சொல்லக் கற்றுக்கொள்வதுதான். "பம்ப் தொழிற்சாலையில் மின்பராமரிப்பு" என்று எழுதினால் அவர்களுக்கு ஒரு படம் விரிவதில்லை. எத்தனை குதிரைவலு மோட்டார்கள், எந்த நிறுவனத்தின் பி.எல்.சி எனப்படும் இயந்திரக் கட்டுப்பாட்டுக் கணினி, எத்தனை வோல்ட், ஒரு வரிசை நின்றால் எவ்வளவு நேரத்தில் ஓட வைத்தீர்கள் என்று எழுதுங்கள். மோட்டாருக்கு எந்த நாடும் ஒன்றுதான்.

ஜனவரி 17

தம்பி எழுதியிருப்பதைப் படித்ததும் எழுந்து போய்க் கணவரிடம் சொன்னேன். ஒரு உணவுத் தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் உதவியாளர் வேலை, காலை 6 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை. அதே நேரத்தில் மணிக்கு இரண்டு டொலர் அதிகமாக இரவுக் கிடங்கு வேலையும் கிடைத்திருந்தும் அதை விட்டுவிட்டார். அந்த இரண்டு டொலர் வாரத்துக்கு 80 டொலர், அது சின்னத் தொகை அல்ல என்று எனக்குத் தெரியும். அவர் மனைவி அதற்குச் சம்மதித்ததையும் இங்கே மதிப்போடு குறிப்பிட விரும்புகிறேன். இந்த வேலையைச் சொன்னவர் இதே பக்கத்தில் நவம்பரில் என்னைத் திருத்திய அந்த மின்பணியாளர் என்பதை அறிந்தபோது, 22ஆம் தேதிக் குறிப்பில் நான் எழுதிய மாடிப்படி நினைவுக்கு வந்தது.

சிலர் வாழ்த்தி, இனிக் கவலையில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். வாழ்த்துக்குக் குறுக்கே பேசவில்லை. ஆனால் இது உதவியாளர் வேலை, அவர் 9 ஆண்டுகள் செய்த வேலைக்கு இரண்டு படி கீழே. இப்போதுதான் அவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் தொடங்குகின்றன. ஆகவே கேட்கிறேன், கோயம்புத்தூருக்கு எழுதினீர்களா?

ஜனவரி 24

எழுதிவிட்டதாகவும், பழைய நிறுவனம் "இவர் 2016 முதல் 2025 வரை எங்களிடம் நல்லமுறையில் பணியாற்றினார்" என்று இரண்டு வரியில் ஒரு கடிதம் அனுப்பியதாகவும் சொல்கிறீர்கள். அது போதாது. திருப்பி எழுதுங்கள். கடிதம் நிறுவனத்தின் தாளில் இருக்க வேண்டும். சேர்ந்த நாள், விலகிய நாள், பதவியின் பெயர், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், மொத்தம் ஏறத்தாழ எத்தனை மணி, எந்தெந்த இயந்திரங்களில் என்னென்ன வேலை என்பதெல்லாம் தனித்தனி வரிகளாக வர வேண்டும். அடியில் உங்களை நேரில் மேற்பார்வை செய்தவரின் கையொப்பமும், தொடர்புகொண்டால் பதில் சொல்லக்கூடிய தொலைபேசி இலக்கமும் தேவை. அவர்களுக்கு எழுத நேரமில்லை என்றால் நீங்களே வரைவு எழுதி அனுப்புங்கள், அவர்கள் படித்துச் சரிபார்த்துக் கையொப்பமிடட்டும். உங்கள் மேற்பார்வையாளர் இந்த ஆண்டு ஓய்வு பெறப்போகிறார் என்று முதல் நாள் எழுதியிருந்தீர்கள் என்றால் நவம்பரிலேயே அவசரப்படுத்தியிருப்பேன். மாதம் சொல்லவில்லை நீங்கள். நாளைக்கே அவரை அழைத்துக் கேளுங்கள்.

வியாழக்கிழமை மாலை 4 மணிக்கு உங்களுக்கு வசதிப்படுமா? வேலை முடிந்து வீட்டுக்குப் போய்ச் சற்று இளைப்பாறிவிட்டு வரலாம். வரைவைக் கொண்டு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.